நடைபாதை யாருக்கு? 200 வருடப் பழைய வழக்கு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

வாவிக்கரையிலும் குளக்கட்டிலும் நடைபாதை போட்ட பல ஊர்களில் இப்போது ஒரே பேச்சுத்தான். சுபஹுக்குப் பிறகு நடக்க வரும் பெரியவர்கள், "சைக்கிளில் வரும் பொடியன்மார் உரசிக்கொண்டு போகிறார்கள்" என்கிறார்கள். பொடியன்மாரோ, "நாலு பேர் கை கோர்த்து பாதை முழுக்க அடைத்துக்கொண்டு நடந்தால் நாங்கள் எங்கே போவது?" என்கிறார்கள். எங்கள் ஊரிலும் இது வட்ஸ்அப் குழுக்களைத் தாண்டி பள்ளிவாசல் முற்றம் வரை வந்துவிட்டது. "சைக்கிள் செல்லத் தடை" என்று ஒரு பலகை நட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது.

பலகை நடுவதற்கு முன்னர் நாம் கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். ஏனென்றால் இந்தச் சண்டை நம் ஊரில் பிறந்ததல்ல. இதற்கு வயது 200 வருடத்துக்கு மேல். தடை போட்டும் பார்த்திருக்கிறார்கள், திறந்து விட்டும் பார்த்திருக்கிறார்கள், பிரித்து வைத்தும் பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் எழுத்தில், சட்டத்தில், தார்ப்பாதையில் பதிந்து வைத்திருக்கும் நாடு பிரித்தானியா. நம்மை நீண்ட காலம் ஆண்ட நாடு என்பதால் அவர்களுடைய வீதிச் சட்டங்களின் சாயல் நமக்கும் தூரமில்லை.

கதை ஜேர்மனியில் தொடங்குகிறது. 1817 ஜூன் 12ஆம் திகதி கார்ல் ட்ரைஸ் என்பவர் மன்ஹைம் நகரில் இரண்டு சக்கரம் பூட்டிய ஒரு மர வண்டியில் ஏறினார். அதற்குப் பெடல் கிடையாது. நிலத்தைக் காலால் உதைத்து உதைத்துத்தான் ஓட்ட வேண்டும். இன்றைய சைக்கிளின் மூதாதை அதுதான். அன்றைய வீதிகளோ குதிரை வண்டிகள் உழுது போட்ட சேறும் பள்ளமுமாக இருந்தன. அதில் இந்த மர வண்டி ஓடாது. ஓட்டியவர்கள் என்ன செய்தார்கள்? மட்டமாக இருந்த நடைபாதையில் ஏறினார்கள். நடந்து போனவர்கள் பயந்தார்கள், இடிபட்டார்கள், முறைப்பாடு செய்தார்கள். சில வருடங்களுக்குள் ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா என்று பல இடங்களில் தடை வந்தது. நமக்குப் பக்கத்தில் கல்கத்தாவிலும் தடை விதித்தார்கள். அதோடு அந்த வண்டியின் மவுசு பல பத்து வருடங்களுக்கு அடங்கிப் போனது.

இந்த முதல் அத்தியாயத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஓட்டுபவர் நடைபாதைக்கு ஏறுவதற்குக் காரணம் வீம்பு மட்டுமல்ல. வீதி அவருக்கு உதவாமல் போவதும் ஒரு காரணம். 1817இல் வீதியில் சேறு இருந்தது. இன்று நம் பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும் இருக்கின்றன. வீதியைக் கவனிக்காமல் பாதையை மட்டும் பூட்டினால் அரைவாசிப் பிரச்சினையைத்தான் தொட்டிருக்கிறோம்.

அடுத்து 1835. இங்கிலாந்தில் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அதன் 72ஆம் பிரிவு, வீதியோர நடைபாதை கால்நடையாகப் போகிறவர்களுக்கு உரியது, அதில் சவாரி செய்வது குற்றம் என்றது. குதிரை, கழுதை, ஆடு, மாடு, பன்றி, வண்டி எதையும் அதன் மேல் ஓட்டிச் செல்லக் கூடாது என்றது. அந்தப் பட்டியலில் சைக்கிள் இல்லை. பெடல் சைக்கிள் அப்போது பாவனைக்கே வந்திருக்கவில்லை. இருந்தாலும் சைக்கிள் வந்த பிறகு அதே பிரிவைத்தான் அதற்கும் பிரயோகித்தார்கள். இங்கிலாந்தில் இன்றும் வீதியோர நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதை அந்தப் பழைய பிரிவுதான் தடுக்கிறது.

ஆனால் சைக்கிள் சட்டத்தின் கண்ணில் என்ன? வண்டியா, விளையாட்டுச் சாமானா? 1879இல் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. டெய்லர் எதிர் குட்வின் என்ற வழக்கு. கண்மண் தெரியாத வேகத்தில் ஓட்டினார் என்று ஒரு சைக்கிள்காரர் மீது குற்றச்சாட்டு. சட்டத்தில் இருப்பது வண்டி என்ற சொல்தானே, சைக்கிள் எப்படி வண்டியாகும் என்பது எதிர்வாதம். சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சைக்கிள்காரருக்கு அது தோல்வி போலத் தெரியலாம். ஆனால் வண்டி என்று ஏற்றுக்கொண்டால் வீதியில் அதற்கு இடமும் உண்டு. 1888இல் வந்த உள்ளூராட்சிச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் எழுதி வைத்தது. சைக்கிள் ஒரு வண்டி. எனவே இருட்டில் விளக்கு வேண்டும். குதிரையையோ வண்டியையோ நடந்து செல்பவரையோ முந்தும்போது போதிய தூரத்தில் மணியோ விசிலோ ஒலித்துத் தன் வரவைத் தெரிவிக்க வேண்டும். உரிமையும் கடமையும் ஒரே பிரிவில் சேர்ந்து வந்தன.

மணியைச் சட்டமாக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? குதிரை வண்டி வருவது தூரத்திலேயே கேட்கும். சைக்கிள் அப்படியல்ல, சத்தமில்லாமல் வரும். அதே 1888இல்தான் பெல்ஃபாஸ்ட்டில் ஜோன் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு சைக்கிள் இன்னும் மெதுவான சத்தத்தோடு, இன்னும் வேகமாக ஓடியது. அந்த டயர்களுக்கு இறப்பர் தேவைப்பட்டது. 1876இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்ட இறப்பர் கன்றுகளின் பெறுமதி உலகத்துக்குப் புரிந்ததும் இந்தக் காலத்தில்தான். மோட்டார் கார் பெருகுவதற்கு முன்னரே இறப்பரைத் தேடவைத்தது சைக்கிள். அந்தக் கதையில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பிறகு கார் வந்தது. வீதி நிறைந்தது. 1934 டிசம்பரில் லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவெனியூ வீதியோரம் சைக்கிளுக்கென்றே தனித் தடம் ஒன்றை அமைச்சர் ஹோர் பெலிஷா திறந்து வைத்தார். இரண்டரை மைல் நீளம். சைக்கிள்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. அவர்களின் பெரிய சங்கம் அதை எதிர்த்தது. "இன்று தனித் தடம் தருவீர்கள், நாளை வீதியை விட்டே போ என்பீர்கள்" என்பதுதான் அவர்களின் பயம். இன்று நம் பொடியன்மாரும் பயப்படுவது இதற்குத்தான். அன்று வீதியிலிருந்து துரத்திவிடுவார்களோ என்று பயந்தார்கள். இன்று பாதையிலிருந்தும் துரத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள்.

பகிர்ந்து கொள்வதற்கு முதல் தெளிவான ஒழுங்கு 1968இல் வந்தது. நாட்டுப்புறச் சட்டம் என்று பெயர். கிராமப் பகுதிகளில் குதிரையில் செல்பவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் உரிய பழைய குதிரைப் பாதைகள் உண்டு. அவற்றில் சைக்கிள்காரரும் போகலாம் என்று அந்தச் சட்டம் கதவைத் திறந்தது. கூடவே ஒரு நிபந்தனை: நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். யார் புதிதாக உள்ளே வருகிறாரோ, யார் வேகமாக வருகிறாரோ, அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பவும் தேவைப்படும்.

அடுத்தது பிரிஸ்டல் நகரம். 1977இல் அங்கே சிலர் கூடி சைக்கிளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் சஸ்ட்ரான்ஸ் என்று பிரபலமானது அதுதான். பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே ரயில் ஓட்டம் நின்று போன ஒரு பழைய பாதை கிடந்தது. தண்டவாளம் போன அந்தத் தடத்தை 1979 முதல் 1986 வரை பகுதி பகுதியாகச் சீரமைத்து, 13 மைல் நீளத்துக்கு, சுமார் 3 மீற்றர் அகலத்தில் பாதை போட்டார்கள். நடப்பவர், சைக்கிள்காரர், சக்கர நாற்காலியில் வருபவர், நாயைக் கூட்டிக்கொண்டு வருபவர் எல்லோருக்கும் ஒரே பாதை. ரயில் பாதை என்பதால் ஏற்றம் இறக்கம் குறைவு, காரும் கிடையாது. மக்கள் குவிந்தார்கள். நாடு முழுவதும் இதைப் பார்த்துப் பாதை போட்டார்கள்.

குவிந்ததுதான் பிரச்சினையாகவும் மாறியது. ஆள் குறைவாக இருக்கும்போது 3 மீற்றர் ஒரு மைதானம் போல இருக்கும். காலையில் வேலைக்குப் பறப்பவர்களும், குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும், நாய்க்காரர்களும் ஒன்றாக வந்தால் அதே 3 மீற்றர் ஓர் ஒழுங்கையாகிவிடும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஆசிரியர் தொழில், பொறுத்துக்கொள்ளுங்கள். நடப்பவரின் வேகம் மணிக்கு சுமார் 5 கிலோமீற்றர். பின்னால் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சைக்கிள் வருகிறது. 20 மீற்றர் தூரத்தில் மணி அடித்தால், நடப்பவருக்கு விலக ஐந்து செக்கன் கூடக் கிடைக்காது. அதே சைக்கிள் 10 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் பதினான்கு செக்கன் கிடைக்கும். வேகம் பாதியானால் அவகாசம் மூன்று மடங்காகிறது, காரணம் முன்னால் நடப்பவரும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறார். மோதினாலும் பாதி வேகத்தில் மோதலின் சக்தி காற்பங்குதான். சைக்கிள்காரருக்கு இழப்பு ஓரிரு நிமிடம். மற்றவருக்கு அது இடுப்பெலும்பாக இருக்கலாம்.

நாய் விடயத்துக்கு வருவோம். அந்த நாட்டில் நாயோடு நடப்பது தினசரிக் கடமை போன்றது. நாய்க்கு இடது வலது தெரியாது, மணியும் விளங்காது. நாய் பாதையின் ஒரு பக்கம், எஜமான் மறுபக்கம், நடுவில் மெல்லிய கயிறு. வேகமாக வரும் சைக்கிள்காரரின் கண்ணுக்கு அந்தக் கயிறு தெரியாது. அதனால்தான் பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவை, சைக்கிளோடு பகிரும் பாதையில் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் நாயைக் கயிற்றில் கட்டி நடப்பவர்கள் குறைவு. நமக்கு இருப்பது கட்டாக்காலி நாய், கட்டாக்காலி மாடு, யாருடையதென்று எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் கட்டாத ஆடு. பிராணி எதுவானாலும் நீதி ஒன்றுதான். அதற்குப் புத்தி சொல்ல முடியாது, அதனால் அதன் பொறுப்பு உரிமையாளருடையது. மாட்டை இரவில் அவிழ்த்து விட்டுவிட்டு, சைக்கிள்காரன் பார்த்து வரவில்லை என்று சொல்வது சரியாகாது. கல்லெறிந்து நாயை வெறிபிடித்ததாக்கிவிட்டு அது துரத்துகிறது என்று சொல்வதும் அப்படித்தான். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட சம்பவத்தைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

மணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணி எல்லோருக்கும் கேட்காது. காது மந்தமானவர் இருக்கிறார், கண் தெரியாதவர் இருக்கிறார். பார்வையற்றவருக்கு மணி கேட்டாலும் எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாது. இதற்காகவே பிரித்தானியாவில், ஒரே பாதையைக் கோடு போட்டுப் பிரித்த இடங்களில், தரையில் வரி பதித்த கற்களை வைத்தார்கள். நடப்பவர் பக்கத்தில் வரிகள் ஏணிப்படி போலக் குறுக்கே போகும். சைக்கிள் பக்கத்தில் தண்டவாளம் போல நீளவாக்கில் போகும். கால் அல்லது பிரம்பு பட்டதும் தெரிந்துவிடும். அதேபோல லண்டன் கால்வாய்க்கரைப் பாதைகளில், மெதுவாக வந்து இரண்டு முறை மென்மையாக மணி தட்டிக் கடந்து போங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். மணி என்பது "விலகு" என்ற அதட்டலாகவும் இருக்கலாம், "நான் வருகிறேன்" என்ற அறிவித்தலாகவும் இருக்கலாம். அது அடிப்பவரின் வேகத்தைப் பொறுத்தது.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு இப்போது என்ன சொல்கிறார்கள்? 2020இல் இங்கிலாந்து அரசு சைக்கிள் பாதை வடிவமைப்புக்குப் புதிய வழிகாட்டியை வெளியிட்டது. நகர வீதிகளில் சைக்கிளை வாகனமாகக் கருதுங்கள், நடப்பவரோடு ஒரே இடத்தில் தள்ளாதீர்கள், தனியாகப் பிரியுங்கள் என்கிறது அது. ஆள் நடமாட்டம் குறைந்த நாட்டுப்புறப் பாதைகளில் பகிர்வு தொடர்கிறது. 2022 ஜனவரி 29ஆம் திகதி வீதி ஒழுங்குக் கோவையும் மாறியது. யாரால் கூடுதல் தீங்கு ஏற்படக்கூடுமோ அவருக்கே கூடுதல் பொறுப்பு என்று ஒரு வரிசை வைத்தார்கள். லொறிக்காரர் காருக்கு, கார்க்காரர் சைக்கிளுக்கு, சைக்கிள்காரர் நடப்பவருக்கு. பகிரும் பாதையில் சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்றும், நடப்பவர் வேண்டுமென்று மறிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வரிசையைப் படித்தபோது எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஸலாம் சொல்லும் ஒழுங்கை நம் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவிலேயே படிக்கிறார்கள். வாகனத்தில் வருபவர் நடப்பவருக்கு முந்திக்கொள்ள வேண்டும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கு முந்திக்கொள்ள வேண்டும். உயரத்திலும் வேகத்திலும் இருப்பவர் முதலில் பணிய வேண்டும் என்பதுதானே அதன் பயிற்சி? ஸலாம் சொல்லிக்கொண்டு ஒருவரை உரசிப் போக முடியாது. ஸலாம் சொல்ல வேண்டுமென்றால் வேகம் தானாகக் குறையும்.

இனி நம் பாதைக்கு வருவோம்.

தடை போட்டால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று யோசியுங்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோது நம்மை ஓட வைத்தது சைக்கிள்தான். அன்று தூசு தட்டி எடுத்த சைக்கிளை இன்றும் பலர் விடவில்லை. மீன் பெட்டி கட்டிப் போகும் வியாபாரி, மேசன் வேலைக்குப் போகும் தொழிலாளி, டியூசன் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள். இவர்களைப் பாதையிலிருந்து இறக்கினால் போவது எங்கே? பஸ்ஸும் லொறியும் போட்டி போட்டு ஓடும் பிரதான வீதிக்கு. பெற்றோர் பயந்து முதலில் நிறுத்துவது பெண்பிள்ளைகளின் சைக்கிளைத்தான்.

தடையே இல்லாமல் விட்டால் யார் பாதிக்கப்படுவார்கள் என்றும் யோசியுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்தோடு நடையும் சேர்த்து எழுதிக் கொடுத்த வாப்பாமாரும், நாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு அரை மணித்தியாலம் காற்று வாங்க வரும் உம்மாமாரும்தான். இரண்டு தடவை சைக்கிள் உரசினால் அவர்கள் சண்டை பிடிக்க வரமாட்டார்கள். பேசாமல் வீட்டில் இருந்துவிடுவார்கள். அந்த இழப்பு யார் கண்ணுக்கும் தெரியாது, முறைப்பாட்டுப் புத்தகத்திலும் ஏறாது.

ஆகவே எங்கள் அபிப்பிராயம் இதுதான். தடைப் பலகை வேண்டாம், ஒழுங்குப் பலகை வேண்டும்.

மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் பாதைக்குள் வரவே கூடாது, வாயிலில் தூண் நட்டு மறிக்க வேண்டும். அந்தத் தூண் இடைவெளி சக்கர நாற்காலி போகுமளவுக்கு இருக்க வேண்டும். சைக்கிள்காரர் மெதுவாக வந்து, தூரத்திலேயே மணி தட்டி, இடம் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். இருட்டில் விளக்கு கட்டாயம். நடப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் நடக்காமல் ஓர் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். கால்நடை வளர்ப்போர் தங்கள் மாட்டையும் ஆட்டையும் கட்டி வைக்க வேண்டும். சுபஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் நடப்பவர்கள் நெரிசலாக இருக்கும் நேரத்தில், ஒடுங்கிய பகுதிகளில் மட்டும் சைக்கிளைத் தள்ளிச் செல்லும் ஒழுங்கு வைக்கலாம்.

அகலம் போதிய இடங்களில் கோடு போட்டுப் பிரிக்கலாமா, எங்கே இன்னும் ஒரு மீற்றர் அகட்ட முடியும் என்பதைப் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால் கையில் கணக்கு இருக்க வேண்டும். "பாதை சின்னது" என்று சொன்னால் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். "இந்த வளைவில் அகலம் இவ்வளவு, காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் இத்தனை பேர் நடக்கிறார்கள், இத்தனை சைக்கிள் போகிறது" என்று சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த வேலையை நாமே செய்யலாம். இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, தரம் 10, 11 பிள்ளைகள் சிலரோடு அளவு நாடா எடுத்துக்கொண்டு பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகிறோம். சைக்கிள்காரப் பொடியன்மாரும், காலையில் நடக்கும் பெரியவர்களும் சேர்ந்து வந்தால் நல்லது. நாடாவின் ஒரு முனையை ஒருவர் பிடித்தால் மறுமுனையை மற்றவர் பிடிக்கத்தானே வேண்டும். வர முடியாதவர்கள், எந்த இடம் ஒடுக்கம், எந்த இடத்தில் விளக்கு இல்லை, எங்கே மோதல் நடந்தது என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், இடமும் நேரமும் போதும்.